பந்தாட்டத்திலும் வரவு செலவு உண்டு

(நம் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டம் ஏற்காட்டில் நடந்தபோது, சேர்வராயன் மலைக் கிராமக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)



காலையிலிருந்து கடன் இணைப்பு, தணிக்கை, காப்பீடு என்று முக்கியமான விஷயமெல்லாம் பேசியாச்சு. தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடி நீ கொஞ்ச நேரம் பேசு, உனக்குத் தெரிஞ்சதைப் பேசு"ன்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு காப்பி. அதைப் பத்தி இங்க இருக்கிற பாதிப் பேருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். இன்னொண்ணு பெண்கள் கால்பந்து. அதனால அதையே பேசப் போறேன்.

பாருங்க, அதுக்குள்ள பின் வரிசையில சிரிப்பு! சிரிங்க, பரவாயில்லை. எங்க குழுவுலயும் முதல்ல சிரிச்சாங்க. "சந்தா வசூல் பண்ற நேரத்துல பந்து ஸ்கோர் சொல்றியே"ன்னு கேட்டாங்க. இப்போ என்னடான்னா ஆட்டம் இருக்கிற வாரம், சந்தாப் பணத்தை நீட்டும்போதே "என்ன ஆச்சு?"ன்னு அவங்கதான் கேக்குறாங்க.

நான் கால்பந்து விளையாடினவள் இல்லை. எங்க காலத்துல பள்ளிக்கூடத்துல பெண் பிள்ளைகளுக்கு ஸ்கிப்பிங் கயிறும், மீறிப் போனா ரிங் பாலும்தான். நான் பார்க்கிறவள் மட்டும்தான். அதிலும் உலகக் கோப்பை, இறுதி ஆட்டம் இதையெல்லாம் விட எனக்குப் பிடிச்சது தகுதிச் சுற்று. அதாவது பெரிய போட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, "நீ வரலாமா கூடாதா"ன்னு முடிவு பண்ற ஆட்டங்கள். நாம குழு ஆரம்பிச்சு ஆறு மாசம் கழிச்சு நம்மளைத் தரம் பிரிக்க வந்தாங்களே, நோட்டுகளை எல்லாம் விரிச்சு வச்சு, வருகை எத்தனை, சேமிப்பு எத்தனைன்னு கேட்டாங்களே, அன்னிக்கு நம்ம வயித்துல ஒரு கலக்கம் இருந்திச்சே, அந்தக் கலக்கம்தான் தகுதிச் சுற்று. மைதானத்துல கூட்டம் இருக்காது. மறுநாள் பத்திரிகையில மூலையில நாலு வரி வந்தாப் பெரிசு. ஆனா உள்ளே ஆடுற பொண்ணுங்களுக்கு அதுதான் வாழ்க்கை.

நான் இதைப் பார்க்க ஆரம்பிச்சது 2019 ஏப்ரல்ல. என் தம்பி மகன் லீவுக்கு வந்திருந்தான். போனைப் பார்த்துக்கிட்டே, "அத்தை, கடலூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இந்தியாவுக்கு கோல் அடிச்சிருக்கு"ன்னான். பண்ருட்டிப் பக்கத்துப் பொண்ணு, சந்தியா ரங்கநாதன். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று மியான்மர் நாட்டுல மண்டலேங்கிற ஊர்ல நடந்தது. நாலு நாடு ஒரு பிரிவு. அதுல முதலாவதா வர்றவங்கதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லணும். இது புரிஞ்சாத்தான் மீதி ருசிக்கும். ஜெயிச்சா 3 புள்ளி, சமன் ஆனா 1 புள்ளி, தோத்தா ஒண்ணுமில்லை. ரெண்டு நாடு ஒரே புள்ளியில நின்னு, அவங்களுக்குள்ள ஆடின ஆட்டமும் சமன் ஆயிருந்தா என்ன பண்றது? அப்போ வரவு செலவு பார்ப்பாங்க. நாம அடிச்ச கோல் வரவு. நாம வாங்கின கோல் செலவு. வரவுல செலவைக் கழிச்சா கையிருப்பு. யாருக்குக் கையிருப்பு அதிகமோ அவங்க மேலே. இதுக்குப் பேர் கோல் வித்தியாசம். எங்க குழுவுல இதை நான் சொன்னதும், கணக்கு எழுதுற தங்கச்சி, "அட, நம்ம பொதுக் கணக்குப் புத்தகம்தானே"ன்னுச்சு. அதேதான்.

மண்டலேயில இந்தியா முதல்ல இந்தோனேசியாவை 2-0 என்று ஜெயிச்சது. அப்புறம் நேபாளத்தை 3-1. கையிருப்பு 4. கடைசி ஆட்டம் மியான்மரோட, அவங்க ஊர்லயே. மியான்மருக்கும் ரெண்டு வெற்றி, ஆனா அவங்க கையிருப்பு நம்மளைவிட அதிகம். அதனால அவங்களுக்குச் சமன் போதும், நமக்கு ஜெயிச்சே ஆகணும். பத்தாவது நிமிஷத்துலயே சந்தியா ஒரு கோல் போட்டாச்சு. அப்புறம் அவங்க, அப்புறம் நாம, மாறி மாறி. முடிஞ்சப்போ 3-3. தோக்கவே இல்லை, ஆனாலும் வீட்டுக்கு வரணும். தோக்காம வெளியே போறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. முதல் ரெண்டு ஆட்டத்துல இன்னும் நாலஞ்சு கோல் சேர்த்து வச்சிருந்தா இந்த 3-3 போதுமே! வருஷ ஆரம்பத்துல சேமிக்காம விட்ட பணத்தை வருஷக் கடைசியில தேடுற மாதிரி.

அதுக்கப்புறம் நான் விடலை. அந்த வருஷம் தீபாவளிக்கு 'பிகில்' படம் வந்தப்போ எங்க ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பெண்கள் கால்பந்தைப் பத்திப் பேசுச்சுங்க. படத்துல விஜய் கோச்சா வந்து சொல்லிக் கொடுக்கிறார், நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா நிஜத்துல 2018-லயே தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1ன்னு ஜெயிச்சு முதல் தடவையா தேசியக் கோப்பையைத் தூக்கியாச்சு. மதுரை சேது அணி 2019-ல இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்கியாச்சு. 2023-ல ஹரியானாவை ஜெயிச்சு மறுபடி தேசியக் கோப்பை. படம் பார்த்தவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

2022-ல ஆசியக் கோப்பை நம்ம நாட்டுலயே நடந்தது. போட்டியை நடத்துற நாடுங்கிறதால தகுதிச் சுற்று இல்லாமலே நேரா இடம். அந்த அணியில தமிழ்நாட்டுப் பெண்கள் மட்டும் சந்தியா, இந்துமதி கதிரேசன், கார்த்திகா அங்கமுத்து, மாரியம்மாள் பாலமுருகன்னு வரிசையா இருந்தாங்க. இந்துமதி நம்ம தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டையும் போடும், நீலச் சட்டையும் போடும். எனக்கு அந்தப் பொண்ணு மேல தனி மரியாதை.

ஜனவரி 20-ம் தேதி ஈரானோட 0-0. மூணு நாள் கழிச்சு நவி மும்பையில சீன தைபேயோட ஆட்டம். அன்னிக்கு ஆட்டமே நடக்கலை. அணிக்குள்ள கொரோனா புகுந்திடுச்சு, 12 பேருக்குத் தொற்று. ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் வேண்டிய ஆளைக்கூட நிறுத்த முடியலை. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்து விலகினதா எழுதிட்டாங்க. ஆடின ஒரு ஆட்டமும் கணக்குல இல்லை. அந்தப் போட்டி வழியாத்தான் 2023 உலகக் கோப்பைக்கும் போக முடியும், அந்தக் கதவும் அதோட மூடினது. வருஷக்கணக்கா தயார் பண்ணி, சொந்த ஊர்ல, ஆடாமலே போறது. எங்க மலையில ஒரு வருஷம் பூ பூக்கிற நேரத்து மழை தப்பிப் போனா, செடி நல்லாத்தான் நிக்கும், காய் இருக்காது. யாரைக் குத்தம் சொல்ல முடியும்?

இப்போ நான் சொல்ல வந்த 2025-க்கு வர்றேன்.

2026 ஆசியக் கோப்பை ஆஸ்திரேலியாவுல. மொத்தம் 12 நாட்டுக்கு இடம். நடத்துற ஆஸ்திரேலியாவுக்கு ஒண்ணு, முந்தின போட்டியில முதல் மூணு இடத்துல வந்த சீனா, தென் கொரியா, ஜப்பானுக்கு மூணு. மீதி 8 இடம். அதுக்கு 34 நாடு, 8 பிரிவு. ஒவ்வொரு பிரிவுலயும் முதல் நாடு மட்டும் உள்ளே. ரெண்டாவது வந்தா ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. நம்ம பிரிவு ஆட்டமெல்லாம் தாய்லாந்துல, சியாங் மாய்ங்கிற ஊர்ல. பிரிவுல பெரிய கை தாய்லாந்துதான். 2015, 2019 ரெண்டு உலகக் கோப்பையிலயும் ஆடினவங்க. உலகத் தர வரிசையில அவங்க 46, நாம 70. ஊரும் அவங்க ஊரு.

ஜூன் 23-ம் தேதி முதல் ஆட்டம் மங்கோலியாவோட. நமக்கு 13, அவங்களுக்கு 0. பியாரி சாக்சா ஒருத்தியே 5 கோல். சௌமியா குகுலோத் 2, பிரியதர்ஷினி செல்லதுரை 2, சங்கீதா, ரிம்பா, மாளவிகா, கிரேஸ் ஆளுக்கொண்ணு. (மாளவிகா கேரளத்துப் பொண்ணு, அதாவது அந்த மலையாளி. நாம மலையை ஆளுற மலையாளி. வெளியூர்க்காரங்க இதுல எப்பவும் குழம்புவாங்க.)

13-0 என்றதும் எங்க குழுவுல ஒரு சண்டை. பெரியம்மா ஒருத்தங்க, "பாவம், எதிர்ல நிக்கிறதும் பொம்பளைப் புள்ளைங்கதானே, அஞ்சு போட்டதோட நிறுத்தியிருக்கலாம்"னாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இல்லாம இல்லை. 2019 உலகக் கோப்பையில அமெரிக்கா இதே தாய்லாந்தை இதே 13-0ன்னு அடிச்சு, ஒவ்வொரு கோலுக்கும் குதிச்சுக் கொண்டாடினப்போ உலகம் முழுக்க இதே சண்டைதான் நடந்தது. ஆனா நான் மண்டலேயைப் பார்த்தவள். கையிருப்பு கொஞ்சம் குறைஞ்சதுக்காகத் திரும்பி வந்த பொண்ணுங்களைப் பார்த்தவள். அதனால பத்தாவது கோலும் வேணும், பதிமூணாவதும் வேணும்னுதான் சொல்வேன். அஞ்சோட நிறுத்தறது எதிராளியைக் குழந்தையா நினைக்கிறது. மங்கோலியப் பொண்ணுங்க அங்கேயே இருந்து மத்த ஆட்டங்களையும் ஆடித்தானே போனாங்க! 13 வாங்கின தாய்லாந்துதானே இன்னிக்கு நாம பயப்படுற தாய்லாந்து?

பியாரியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். ஒடிசாவுல சுந்தர்கர் மாவட்டம், பழங்குடிப் பொண்ணு. எங்க மாமியார் எழுபது வயசுக்காரங்க. போன்ல அந்தப் பொண்ணு படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது நம்ம நாகலூர்ப் பக்கத்துப் புள்ள மாதிரியில்ல இருக்கு"ன்னாங்க. அதுல இருந்து தினம், "நம்ம புள்ள இன்னிக்கு ஆடுதா?"ன்னு ஒரு கேள்வி. பேர் வாயில நுழையலை, ஆனா நம்ம புள்ள.

ஜூன் 29-ல திமோர் நாட்டோட 4-0. மணிஷா கல்யாண் 2 கோல். பஞ்சாப் கிராமத்துப் பொண்ணு. ஐரோப்பாவுல சாம்பியன்ஸ் லீக் ஆடின முதல் இந்தியப் பெண். ஜூலை 2-ல ஈராக்கோட 5-0. அதுல ஒரு கோல் நம்ம தமிழ்நாட்டு கார்த்திகா அங்கமுத்து போட்டது. அன்னிக்கு நான் செஞ்ச காரியத்தைச் சொல்றேன். ரேஷன் கடைப் பக்கத்துல நம்ம குழுத் தகவல் பலகை இருக்கே, கூட்டத் தேதி எழுதுவோமே, அதுல சாக்பீஸால "இந்தியா 5, ஈராக் 0, கார்த்திகா 1 கோல்"ன்னு எழுதி வச்சேன். காலையில பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க நின்னு படிச்சதுங்க. வேலைக்குப் போற ஆம்பளைங்களும் நின்னு படிச்சாங்க. ஒரு பெரியவர், "கிரிக்கெட்டுல அஞ்சு ரன்தானா?"ன்னு கேட்டார். அவருக்கு உக்காத்தி வச்சுச் சொல்ல வேண்டியதாச்சு.

இப்போ புத்தகத்தைக் கூட்டுவோம். 13, 4, 5. மொத்தம் 22 வரவு. செலவு ஒண்ணுமில்லை. புள்ளி 9. தாய்லாந்தும் மூணு ஆட்டம் முடிச்சாச்சு. அவங்க புள்ளியும் 9. அவங்க கையிருப்பு எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? அதுவும் 22! நான் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். எங்க கணக்குத் தங்கச்சி மூணாவது தடவை கூட்டிப் பார்த்துச்சு. அங்கே ஒரு பைசா இங்கே ஒரு பைசா இடிக்காம ரெண்டு நாட்டுப் புத்தகமும் ஒரே மாதிரி. மங்கோலியாவோட அஞ்சோட நிறுத்தியிருந்தா நம்ம கையிருப்பு 14. கடைசி ஆட்டம் சமன் ஆனாலே அவங்க உள்ளே, நாம வெளியே. மறுபடியும் மண்டலே. எங்க பெரியம்மா இதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.

புத்தகம் ரெண்டும் சமமா இருந்ததால, கடைசி ஆட்டம் சமன் ஆனா பெனால்டி. ஜெயிச்சா ஆஸ்திரேலியா.

ஜூலை 5, சனிக்கிழமை. மலையில மழைக் காலம். பனியும் சாரலும் சேர்ந்து எதிர் வீடு தெரியலை. வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. எங்க வீட்டுக்கு மேலே பாறை ஒண்ணு இருக்கு, அங்கே ரெண்டு கோடு வரும். நான், என் மக, கணக்குத் தங்கச்சி, அவ நாத்தனார், நாலு பேரும் ஒரு படுதாவைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு அந்தப் பாறையில உட்கார்ந்தோம். ஆட்டத்தைப் படமாப் பார்க்கலை. அந்த சிக்னலுக்கு ஸ்கோர்தான் வரும். நம்பர் மாறுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். படம் பார்க்கிறவங்களுக்கு இல்லாத ஒரு வேதனை இதுல உண்டு. பந்து எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே!

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள்ள 1-0. சங்கீதா பாஸ்ஃபோர். மேற்கு வங்காளத்துல கல்யாணிங்கிற ஊர்ப் பொண்ணு, எல்லைக் காவல் படையில வேலை. நடு வரிசையில நின்னு ஆடுறவ, முன் வரிசைகூட இல்லை. இடைவேளை முடிஞ்ச கையோட தாய்லாந்து ஒண்ணு திருப்பிப் போட்டாச்சு. 1-1. நாலு ஆட்டத்துல நம்ம புத்தகத்துல எழுதின முதல் செலவு அதுதான். அதுக்கப்புறம் அரை மணி நேரம் அந்த நம்பர் அசையவே இல்லை. அவங்க ஊர்ல அவங்க கூட்டத்துக்கு முன்னாடி பெனால்டின்னா என்ன ஆகும்னு நாத்தனார் கேட்டா. யாரும் பதில் சொல்லலை. 74-வது நிமிஷம் 2-1. மறுபடியும் சங்கீதா! படுதாவை விட்டுட்டோம். நாலு பேரும் நனைஞ்சோம். மீதி நேரம் முழுக்க என் மக நகத்தைக் கடிச்சுக்கிட்டே, "போதும், முடிங்க, முடிங்க"ன்னு எங்கேயோ இருக்கிற நடுவர்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தா.

முடிஞ்சது. கேப்டன் ஸ்வீட்டி தேவி, கோல் காத்த பந்தோய் சானு, பயிற்சியாளர் கிரிஸ்பின் செட்ரி எல்லாரும் மைதானத்துல கட்டிப் பிடிச்சு அழுத படத்தை மறுநாள் பார்த்தோம். 1979, 1983 ஆசியப் போட்டிகள்ல இந்தியா இரண்டாவது இடம் வந்த நாடு. ஆனா அதெல்லாம் தகுதிச் சுற்று இல்லாத காலம். தகுதிச் சுற்று ஆடி ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குள்ள போனது இதுதான் முதல் தடவை. ஆஸ்திரேலியா கதையை இன்னொரு கூட்டத்துல பேசலாம். எனக்கு வாசப்படி ஏறின நாள்தான் முக்கியம்.

அந்த ஆசியக் கோப்பையே உலகக் கோப்பைக்கும் தகுதிச் சுற்று. 2027 உலகக் கோப்பை பிரேசில்ல, 32 நாடு. ஆசியாவுக்கு நேரா 6 இடம். அதுக்குக் கீழே 2 நாட்டுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுதான் பிளே ஆஃப். வேற வேற கண்டத்துல கொஞ்சத்துல தவற விட்ட நாடுகளை எல்லாம் சேர்த்து ஒரு கடைசிப் போட்டி. நம்ம ஊர்ல சொல்லணும்னா கடைசி பஸ். 2023-ல நியூசிலாந்துல இப்படித்தான் நடந்தது. 10 நாடு, 3 இடம். தாய்லாந்தும் அதுல இருந்தது, கேமரூன்கிட்ட தோத்துப் போச்சு. அந்தக் கேமரூனை போர்ச்சுக்கல் கூடுதல் நேரத்துப் பெனால்டியில 2-1ன்னு ஜெயிச்சது. பராகுவேயை பனாமா 1-0. சிலியை ஹெய்ட்டி 2-1, ரெண்டு கோலும் மெல்ச்சி டுமோர்னேங்கிற 19 வயசுப் பொண்ணு. மூணு நாடும் அதுவரை பெண்கள் உலகக் கோப்பையைப் பார்த்ததே இல்லை. மூணும் கடைசி பஸ்ஸைப் பிடிச்சுத்தான் போச்சு. அப்படிப் போன போர்ச்சுக்கல், உலகக் கோப்பையில அமெரிக்காவோட 0-0 ஆடி, கடைசி நேரத்துல பந்து கம்பத்துல பட்டுத் திரும்பினது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா அமெரிக்கா வீட்டுக்குப் போயிருக்கும். கடைசி பஸ்ல வந்தவங்களைக் குறைச்சு நினைக்கக் கூடாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

சரி, இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேப்பீங்க. எங்க கிராமத்துல இப்போ 11 பொண்ணுங்க பந்து ஆடுதுங்க. பலகையில ஸ்கோர் படிச்சு ஆரம்பிச்சதுங்க. என் மகளும் ஒருத்தி, எட்டாம் வகுப்பு. மலையில சமதளம் எங்கே இருக்கு? பந்தை ஒரு உதை விட்டா காப்பித் தோட்டத்துக்குள்ள உருண்டு, அடுத்த ஊர் ஓடையில போய் நிக்கும். ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல கோல் போஸ்ட். மரத்துல மிளகுக் கொடி. பந்து கொடியில பட்டா தோட்டக்காரர் சத்தம் போடுவார், அவர் சத்தம் போடுறதும் நியாயம்தான். எங்க ஊர்ல சமமா இருக்கிறது ஒரே இடம், காப்பி உலர்த்துற களம். சிமெண்டுத் தரை. விழுந்தா முட்டி தோல் போகும். மழைக் காலத்துல பாசி பிடிச்சு வழுக்கும். ஆனாலும் அதுதான் அதுங்களுக்கு சியாங் மாய்.

போன வருஷம் என் மக பெரிய மனுஷி ஆனா. சடங்கு முடிஞ்ச மறுவாரம் பந்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை, என் மாமியாரைப் பார்த்தார். நானும் அவங்களைத்தான் பார்த்தேன். எங்க தெருவுல இதே வயசுல நின்னு போன பிள்ளைங்க மூணு பேரு. ஒண்ணு நல்லா ஓடும், எங்க எல்லாரையும்விட நல்லா ஓடும். இப்போ தண்ணிக் குடம் எடுக்கத்தான் வெளியே வருது. என் மாமியார் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "இருட்டறதுக்குள்ள வந்துடணும்"னாங்க. அவ்வளவுதான். நான் எத்தனையோ கூட்டத்துல பெண் கல்வி, பெண் உரிமைன்னு பேசியிருக்கேன், வீட்டுல அதெல்லாம் எடுபடலை. ஒடிசாப் பொண்ணு போட்ட அஞ்சு கோல் எடுபட்டுச்சு. பத்தாம் வகுப்போட நிறுத்தணும்னு இப்போ ஒரு பேச்சு வீட்டுல ஓடுது. அதை அப்போ பார்த்துக்கலாம்.

ஆட்டம் பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பெரிய போன் வேணும், டிவி வேணும்னு காத்திருக்காதீங்க. குழுவுக்கு ஒரு போன்ல ஸ்கோர் வந்தாப் போதும். அந்தக் கூட்டத்துத் தகவல் பலகையில ரெண்டு வரி எழுதுங்க. ஜெயிச்சா மட்டும் எழுதாதீங்க, தோத்தாலும் எழுதுங்க. யார் கோல் போட்டா, எந்த ஊர்ப் பொண்ணுன்னு பேரோட எழுதுங்க. பிள்ளைங்க பேரைத்தான் முதல்ல படிக்குது.

இப்போ கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. எங்க களத்துல கார்த்திகையிலிருந்து தை முடிய காப்பி காயும். அந்த மூணு மாசம் பிள்ளைங்களுக்கு இடமில்லை, அதுல தகராறும் இல்லை. காப்பிதான் சோறு. ஆனா மாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் களம் சும்மாக் கிடக்கு. சிலர் விறகு அடுக்குறாங்க, சிலர் வண்டி நிறுத்துறாங்க. அந்த மாதங்கள்ல சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் களம் பெண் பிள்ளைகளுக்குன்னு ஊராட்சிக்கு ஒரு மனு கொடுக்கணும். வெள்ளக்கடைப் பக்கத்துலயும் மாரமங்கலம் பக்கத்துலயும் இதே மாதிரி களங்கள் இருக்கு. அந்த ஊர்க் குழுக்களும் சேர்ந்தா நல்லது. மனுவை எங்க கணக்குத் தங்கச்சி எழுதி, தீர்மானப் புத்தகத்துல வச்சிருக்கா. அதோ, கடைசி வரிசையில நீலப் புடவை. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கைநாட்டுன்னாலும் மை டப்பா அவகிட்டயே இருக்கு.